பாசிப்பாட்டமும் பொதுப் பெட்டியும்

மகன் ஒரகடத்தில் கார் கம்பெனி வேலைக்கு வந்ததால் நானும் புதுச்சேரியை விட்டு இந்தப் பக்கம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை நடைப்பயிற்சி ஏரிக்கரையில் முடியும். அங்கே வலைக்காரர்கள் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டையைக் கூறு கட்டி விற்பார்கள். ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த தொழிற்சாலைப் பையன்கள்தான் முதல் வாடிக்கை. விரால் என்றைக்காவது ஒருநாள் கண்ணில் படும்.

சென்ற மாதம் கரையோரச் சுவரில் ஓர் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசலி ஆண்டு போட்டு, ‘மீன்பாசி குத்தகை’ என்று தலைப்பு. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் கேட்டார்: “அங்கிள், மீன் சரி, பாசியை யார் காசு கொடுத்து எடுப்பாங்க?”

நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்றொரு சொல் வரும். நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் பாட்டம் அது. ஆயிரம் வருடம் கழித்தும் அந்தப் ‘பாசி’ நம் அரசாங்க நோட்டீஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜாக்கள் போனார்கள், நவாபு போனார், கம்பெனியும் கலெக்டரும் வந்தார்கள். ஏலச்சொல் மட்டும் போகவில்லை.

அந்தக் காலத்தில் ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வாலாஜாபாத்தில் பஸ் மாறினால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை என்று பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். 30 குடும்புகள், அவற்றிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரிக்கென்றே தனி வாரியம்! பதவிக்காலம் 360 நாள். முதல் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை; இரண்டே வருடத்தில் அதை 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்குத் தகுதியில்லை.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இதைக் குறையில்லாத ஜனநாயகம் என்று கொண்டாட மாட்டேன். நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களின் சபை அது. வலை வீசியவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனாலும் ஏரியால் பிழைப்பவனே ஏரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

இனி என் ஊர்க் கதை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் சேன் நதியும் லுவார் நதியும் எங்கே உற்பத்தியாகின்றன என்று ஒப்பித்தேன். பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. அவருக்குப் பாகூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலக்காரர்கள் சேர்ந்த ‘சேந்திக்கா அக்ரிகோல்’ என்ற விவசாய சங்கங்களும், ‘கெஸ் கொம்யூன்’ என்ற பொது நிதியும் அங்கே இருந்தன. கெஸ் கொம்யூன் என்றால் பொதுப் பெட்டி. கரை மரம், மீன் என்று ஏரியில் விளைவதன் வருமானம் அந்தப் பெட்டிக்குப் போய், மதகும் வாய்க்காலும் செப்பனிட மறுபடி வெளியே வரும். தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் ‘கெஸ்ஸு’ என்பதை அவர் ஏதோ தமிழ்ச் சொல் மாதிரிச் சொல்வார்.

1954இல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. 1962இல் சட்டப்படியும் முடிந்தது. பிறகு இந்தச் சங்கங்கள் மெல்ல ஒடுங்கின. ஏரிகள் இலாகா கைக்குப் போயின. மீன் பணம் ஏரிக்குத் திரும்பாமல் பொதுக் கணக்கில் கரைந்தது.

அந்தக் கரைசலில் என் கையெழுத்தும் உண்டு. எண்பதுகளில், பெயர் வேண்டாத ஓர் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு சிற்றேரியின் மீன் ஏலக் கோப்பு என்னிடம் வந்தது. ஒரு வருடக் குத்தகை. பழைய நிபந்தனைகளைப் பார்த்து அப்படியே எழுதி, தொகை மட்டும் மாற்றிக் குறிப்பு வைத்தேன். மதகின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரைத் தொடக்கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

குத்தகைக்காரர் மாசியில் மதகைத் திறந்தார். பிறகு ஆயில் இன்ஜின் வைத்து மடுவையும் இறைத்தார். குஞ்சு குளுவான் மிஞ்சவில்லை. கடைமடையில் கதிர் முற்றாத நெல் காய்ந்தது. ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்று, சத்தம் போடாமல் கேட்டார்: “மீன வித்தீங்க, சரி. தண்ணிய யாரு தம்பி வித்தது?”

பதில் சொல்லத் தெரியவில்லை. மேலதிகாரியைப் பார்க்கச் சொன்னேன். குமாஸ்தாக்கள் சொல்லும் வழக்கமான பதில்.

குத்தகைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு வருடம்தான் உரிமை. அடுத்த வருடம் வேறொருவர் எடுத்தால், இவர் மடுவில் விட்டுவைத்த விரால் அவருக்கு. அப்படியிருக்க யார் விடுவார்? முன்பு கோடைக்கு மடுவில் தங்கும் மீன்தான் ஐப்பசி மழைக்கு விதை. அதை அழித்துவிட்டு, பிறகு குஞ்சு வாங்கி விடுகிறோம். ஏரி வயலாக இருந்தது போய்த் தொட்டியாகிவிட்டது.

என்னோடு படித்த நண்பர் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு போய்த் தாஹிதித் தீவில் ஆசிரியராக இருந்தார். அங்கே ‘ராஹுயி’ என்று ஒரு வழக்கம்: கடலின் ஒரு பகுதியைச் சில காலம் மூடிவைப்பார்கள், மீன் பெருகிய பிறகு திறப்பார்கள். இதை அவர் எழுதியபோது என் நினைவுக்கு வந்தது அந்தப் பெரியவரின் முகம். அதே பசிபிக்கில் பலாவு என்ற குட்டி நாட்டில் இதற்கு ‘புல்’ என்று பெயர். ஊர்த் தலைவர்கள் விதிப்பது. அந்தப் பழைய வழக்கத்தை முன்னிறுத்தியே பலாவு 2015இல் சட்டம் போட்டு, 2020 ஜனவரி 1 முதல் தன் கடல் எல்லையில் 80 சதவீதத்தை மீன்பிடிக்கு மூடியது. நம் கிழக்குக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. கடலுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த நாம், ஏரி மடுவுக்குக் கொடுக்கவில்லை.

புதுச்சேரியில் 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கி, ஏரிச் சங்கங்களை மறுபடி அமைத்தார்கள். தாத்தா இருந்திருந்தால், “எங்க கெஸ்ஸைத்தானே திருப்பிக் கொடுக்கிறீங்க?” என்று கேட்டிருப்பார்.

ஒரகடம் பக்கத்துச் சிக்கல் வேறு மாதிரி. இங்கே ஆயக்கட்டு நிலங்களில் பெரும்பகுதி தொழிற்சாலையும் மனையுமாகிவிட்டது. மதகுக்குச் சண்டை போட விவசாயி குறைந்துவிட்டார். ஏரியை நம்பி மிஞ்சியிருப்பவர்கள் வலைக்காரர்களும், நிலத்தடி நீரை உறிஞ்சும் எங்களைப் போன்ற குடியிருப்புக்காரர்களும்தான். எங்கள் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பழுது பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். ஏரி பற்றி ஒரு நிமிடம் பேசியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டே கோரிக்கை: மீன்பாசி குத்தகையைச் சில வருடங்களுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், மதகு மட்டத்துக்குக் கீழுள்ள நீரை இறைக்கக் கூடாது என்று நிபந்தனை போட வேண்டும். அன்று விட்டுப்போன அந்த ஒரு வரியை, நாற்பது வருடம் தாமதமாக, இப்போதுதான் எழுதியிருக்கிறேன்.