எந்த இஞ்சினீயர்?

குமரி மாவட்டத்து அஞ்சுகிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "இஞ்சினீயர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த இஞ்சினீயர்?" என்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் போகிறவரா, முப்பந்தல் காத்தாடியில் வேலை பார்ப்பவரா, வீட்டு மாடியிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவரா, காண்டிராக்ட் எடுத்து வீடு கட்டிக் கொடுப்பவரா?

இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. இஞ்சினீயர் என்றால் மராமத்து இஞ்சினீயர்தான். மராமத்து அரபியிலிருந்து வந்த சொல். பழுதுபார்த்தல் என்று பொருள். பழுதுபார்ப்பின் பெயரைத் தாங்கிய அந்தத் துறைதான் புது அணையும் கட்டியது. 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, மிஞ்சின் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர் எழுப்பியது. நாஞ்சில் நாட்டார் அவரை 'மூக்கன் துரை' என்றார்கள். துரைக்கே பட்டப்பெயர் வைத்த ஊர் இது! அவர் கல்லறையும் அணைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மராமத்து பொதுப்பணித்துறை ஆயிற்று. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் அது இன்றும் 'பொதுமராமத்து'. நம்மிடம் குடிமராமத்து என்ற கூட்டுச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு வந்தது 'பொறியாளர்'. நல்ல ஆக்கம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதில்மேல் இருந்த போர்க்கருவிகள் பொறிகள். ஐரோப்பாவிலும் இஞ்சினீயர் முதலில் படைக்கருவி செய்தவர்; படையைச் சேராதவரைப் பிரித்துக் காட்டவே 'சிவில்' என்ற அடை வந்தது. இரண்டு மொழியிலும் சொல் கோட்டையிலிருந்துதான் இறங்கி வந்திருக்கிறது. ஆனால் பொறியாளர் பேச்சுக்கு வரவில்லை. பெயர்ப்பலகையோடும் கல்யாணப் பத்திரிகையோடும் நின்றுவிட்டது.

1980களின் நடுவில் தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. அதன்பின் சொல்லின் பொருளே நகர்ந்தது. முன்பு இஞ்சினீயர் ஒரு பதவி. வேலையில் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். இப்போது அது பட்டம். பி.ஈ. முடித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதுகிறவரும், வளைகுடாவில் கணக்கு பார்ப்பவரும் ஊரில் இஞ்சினீயர்தான். இதைத் தேய்வு என்று நான் சொல்லமாட்டேன். துரைக்கும் அதிகாரிக்கும் மட்டும் இருந்த பெயர் தெருவுக்கு நாலு வீட்டில் ஏறியிருக்கிறது.

பழைய மராமத்து இஞ்சினீயரும் போய்விடவில்லை. 2021-ல் பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறை தனியாகப் பிரிந்தது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாமல் முதல் போகமான கன்னிப்பூ நெற்பயிர் வாடினால், விவசாயிகள் மனுவோடு போய் நிற்பது அந்தத் துறை இஞ்சினீயரிடம்தான்.