பெட்டரி டீவியும் கசெட் கடையும்: வட்டகொடையின் தொண்ணூறுகள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது முகநூலைத் திறந்தால் "நைன்ட்டீஸ் கிட்ஸ்" பதிவுகள்தான். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம், சக்திமான் என்று வரிசையாக வரும். எங்கள் பிள்ளைகளும் அவற்றைப் பகிர்கிறார்கள். வகுப்பில் பேச்சுக் கொடுத்தால், தங்கள் தாய் தகப்பனும் அப்படித்தான் வளர்ந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தமிழ்நாட்டின் தொண்ணூறுகள். வட்டகொடைக்கும் மடக்கொம்பரைக்கும் தலவாக்கலைக்கும் வேறொரு தொண்ணூறுகள் இருந்தன. அதை எழுதி வைக்காவிட்டால், இன்னும் இருபது வருடத்தில் பக்கத்து நாட்டின் ஞாபகத்தையே நம்முடைய ஞாபகம் என்று நம் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ரேடியோ.

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925-இல். 1949-இல் அது ரேடியோ சிலோன் ஆனது. 1967-இல் கூட்டுத்தாபனமாகி, 1972-இலிருந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. எத்தனை பெயர் மாறினாலும் எங்கள் லயங்களில் அது "சிலோன் ரேடியோ"தான். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தமிழ்நாட்டிலும் கடல் கடந்து காத்திருந்து கேட்டார்கள். காலையில் பொங்கும் பூம்புனல் முடிவதற்குள் பிரட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று, கடிகாரம் இல்லாத வீடுகளில் பாட்டை வைத்தே நேரம் பார்த்தார்கள்.

தொண்ணூறுகளில் அந்த வானொலிக்கு ஒரு பெரிய இழப்பும் வந்தது. "திரைவிருந்து" மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த கே.எஸ். ராஜா 1994-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். குரலை மட்டுமே தெரிந்த ஒரு மனிதருக்காகத் தோட்டத்தில் ஆட்கள் துக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம், அப்துல் ஹமீத் அவர்கள் இலங்கை வானொலியில் நடத்திய "பாட்டுக்குப் பாட்டு" அதே பத்தாண்டில் சன் டிவிக்குப் போய் உலகத் தமிழர் நிகழ்ச்சியாகிவிட்டது. படமும் பாட்டும் அங்கிருந்து இங்கே வந்த காலத்தில், இங்கிருந்து அங்கே போன ஒன்று அது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முஸ்லிம் வீடுகளில் ரேடியோவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முஸ்லிம் சேவை. நோன்பு காலத்தில் அந்தச் சேவை ஒலிக்காத வீடு குறைவு. நாகூர் ஹனிபா அவர்களின் குரல் எங்கள் வீடுகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. லயத்தில் இருந்த அண்ணன்மாருக்கும் அவருடைய பாடல்கள் மனப்பாடம். அதேபோல எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களைத் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் மனப்பாடம். டவுனில் கடை வைத்திருந்தவர்களும் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் ஒரே காற்றில் வந்ததைத்தான் கேட்டார்கள்.

அடுத்தது கசெட்.

1992 ஆகஸ்ட் 15-ஆம் திகதி "ரோஜா" வெளியானது. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம். அந்த முதல் படத்துக்கே இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. அதற்கு முந்திய வருடம்தான் இளையராஜாவின் "தளபதி"யும் "குணா"வும் வந்திருந்தன. ஆகவே எங்கள் பக்கத்தில் இளைஞர்கள் இரண்டு கட்சியானார்கள். ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி. தொழிற்சங்கச் சண்டைக்குக் குறையாத சண்டை. பஸ்ஸில் எந்தக் கசெட் போடுவது என்பதிலிருந்து, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் வரைக்கும் அது நீண்டது.

ஒரிஜினல் கசெட் வாங்க எல்லாராலும் முடியாது. வழி ரெக்கோடிங் கடை. விருப்பமான பாட்டுகளை ஒரு கொப்பித் தாளில் வரிசையாக எழுதி, வெற்றுக் கசெட்டுடன் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிடக் கசெட், தொண்ணூறு நிமிடக் கசெட் என்று இரண்டு வகை. தொண்ணூறு என்றால் பதினெட்டு, இருபது பாட்டு பிடிக்கும். நாடா இறுகிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். அந்தக் கடைகளின் தட்டில் முருகன் பாடல்களும் ஹனிபாவும் மாதா பாடல்களும் "ஜென்டில்மேன்", "காதலன்" கசெட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. யாரும் அதை ஒற்றுமை என்று பெயர் வைத்துப் பேசவில்லை. சாமான் அடுக்குகிற முறை அவ்வளவுதான்.

கசெட் போடுகிற பெட்டி எப்படி வந்தது? பெரும்பாலும் இரண்டு வழி. கொழும்புக் கடைகளில் வேலை செய்த தம்பிமார், தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பதுளை ரயிலில் கொண்டுவந்தார்கள். அடையாள அட்டை கையில் இல்லாமல், எந்த நேரமும் பிடிபடலாம் என்ற பயத்தோடு கொழும்பில் காலம் கழித்த பிள்ளைகள் அவர்கள். மற்றது, மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போன அக்காமார். தோட்டத்திலிருந்தும் போனார்கள், எங்கள் முஸ்லிம் வீடுகளிலிருந்தும் போனார்கள். அவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த டூ இன் வன் பெட்டி, வீட்டின் நடுவில் லேஸ் துணி போர்த்தி வைக்கப்பட்டது. அந்தப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

இனி டீவி.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15-ஆம் திகதி தொடங்கியது. அதன் பெரிய கோபுரங்களில் ஒன்று பீதுருதாலகால மலையில், எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. ஆனால் கோபுரம் பக்கத்தில் இருந்தும் டீவி போட லயத்தில் கரண்ட் இல்லை. இதைப் பிள்ளைகள் கட்டாயம் யோசிக்க வேண்டும். லக்ஷபான மின்நிலையம் 1950-இலிருந்து இயங்குகிறது. கொத்மலை அணை 1985-இல் வந்தது. இந்த மலைகளில் விழுந்த மழைதான் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தது. அந்த மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர்களின் காம்பராவில் எரிந்தது குப்பி விளக்கு.

அதனால் பெட்டரி டீவி. கார் பெட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வர வேண்டும். கறுப்பு வெள்ளைப் பெட்டி. மூங்கில் கம்பில் கட்டிய அன்டனாவை ஒருவர் வெளியில் நின்று திருப்ப, உள்ளே இருப்பவர் "ஆ, இப்ப சரி... ஐயோ போச்சு" என்று கத்துவார். பனிமூட்டம் இறங்கும் நேரமும் காற்று அடிக்கும் நேரமும் இதே கூத்துதான். பெட்டரி இறங்க இறங்கப் படம் சுருங்கிக்கொண்டே வரும். யாருக்கு இடம் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பதில் மனத்தாங்கல்களும் உண்டு.

டீவியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஆகவே இருந்ததைப் பார்த்தோம். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுத்து உருவாக்கிய "தொஸ்தர ஹொந்த ஹித" கார்ட்டூனும், 1987-இல் தொடங்கிய "கோப்பி கடே" நாடகமும் எங்கள் பலருக்குச் சிங்கள வாத்தியார்கள். பின்னாளில் நேர்முகப் பரீட்சையிலும் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் தட்டுத்தடுமாறியாவது பேச உதவியது அங்கே காதில் விழுந்த மொழிதான்.

தமிழ்ப் படம் என்றால் "டெக்". தீபாவளி முற்பணம் கிடைத்த கையோடு வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, கலர் டீவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு இரவில் மூன்று படம். "அண்ணாமலை", "தேவர் மகன்", பிறகு "பாட்ஷா", "முத்து", "காதல் கோட்டை". பிரட்டுக்களத்திலோ லயத்து வாசலிலோ படங்கு விரித்து உட்கார வேண்டும். மூன்றாவது படம் முடியும்போது விடிந்துவிடும். அப்படியே மலைக்குப் போனவர்களும் உண்டு.

படங்களைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "ரோஜா"வின் இசையைக் கொண்டாடிய முஸ்லிம் பிள்ளைகளுக்கு, அந்தப் படத்தில் துப்பாக்கியோடு தொழுகிறவர்களைப் பார்த்தபோது தொண்டையில் ஏதோ நின்றது. 1995-இல் "பம்பாய்" வந்தபோது அதைப் பற்றி டீக்கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் விவாதம் நடந்தது. மலையகத் தமிழர்களுக்கோ வேறு விதமான குறை. அந்தப் பத்தாண்டின் நூற்றுக்கணக்கான படங்களில் அவர்கள் எங்கேயும் இல்லை. பின்னர் 2000-இல் "தெனாலி"யில் இலங்கைத் தமிழ் கேட்டது, ஆனால் அது யாழ்ப்பாணத் தமிழ். தோட்டத்து மக்களின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது வி.பி. கணேசனின் "புதிய காற்று". அது 1975-இல் வந்த படம். தொண்ணூறுகளின் பிள்ளைகளில் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரே ஒரு நாள் மட்டும் அந்தப் பெட்டிக்குள் எங்கள் எல்லாரையும் கண்டோம். 1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. ஜனவரி 31-இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதன் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் விளையாட வர மறுத்திருந்தன. தமிழ் பேசுகிறவர் எங்கே போனாலும் சந்தேகக் கண். அந்த நிலையில், 1920-இல் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த ஒரு பாட்டனாரின் பேரன் முத்தையா முரளிதரன் இலங்கைக்காகப் பந்து போடுகிறார். மூன்று மாதத்துக்கு முன்புதான் மெல்பேர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு தடவை நோ போல் கொடுத்திருந்தார். அவுஸ்திரேலியா எடுத்தது 241. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட் வெற்றி. டவுனில் சிங்கள முதலாளியும் முஸ்லிம் கடைக்காரரும் தோட்டத்து இளைஞரும் ஒரே டீவிக்கு முன்னால் நின்று கைதட்டினார்கள். அடுத்த நாள் எல்லாம் பழைய மாதிரித்தான். ஆனாலும் அந்த நாள் நடந்தது. அதையும் சரித்திரத்தில் எழுத வேண்டும். அதே வருடம் மழை பொய்த்து நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது, "எங்களுக்கு எல்லா வருசமும் இதுதானே" என்று லயத்தில் சிரித்தார்கள்.

1998-இல் சக்தி எஃப்எம், சூரியன் எஃப்எம், சக்தி டீவி எல்லாம் வந்தன. பாட்டுக்காகக் காத்திருந்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. மெல்ல மெல்லக் கரண்டும் வந்தது. பெட்டரி டீவி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போனது. கசெட்டுகள் பெட்டியில் போனன.

இப்போது அந்தச் சிவப்புப் பொத்தான்.

இந்தப் பதிவின் முக்கிய விஷயம் இதுதான். மடக்கொம்பரையில் 1914-இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அவர் தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த பாடல்கள்தான் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற நூலாயின. 1984-இல் அவர் மறைந்தார். அவரிடம் இருந்தது பேனாவும் தாளும். அவர் மறைந்து பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய ஒவ்வொரு லயத்திலும் குரலைப் பதிகிற பெட்டி இருந்தது!

அந்தப் பெட்டிகள் சும்மா இருக்கவில்லை. சவூதியிலும் குவைத்திலும் இருந்த தாய்க்குப் பிள்ளைகள் பேசி அனுப்பிய கசெட்டுகள், தாய் அழுதுகொண்டே பேசி அனுப்பிய பதில்கள், காமன் கூத்து இரவுகளின் தப்புச் சத்தம், கல்யாண வீட்டு வாழ்த்துகள், மவ்லூது மஜ்லிஸ், ஒரு பாட்டி பேரனுக்குப் பாடிய தாலாட்டு. சினிமாப் பாட்டுக்கு நடுவிலும் சில நேரம் பின்பக்கத்திலும் இவை இருக்கின்றன. "ரோஜா" பாட்டுகள் உலகத்தில் எங்கேயும் கிடைக்கும். உங்கள் பாட்டியின் குரல் அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் அந்த நாடாக்களில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதிக காலம் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய கசெட் பெட்டியைக் குப்பைக்குப் போடாதீர்கள். அடுப்புப் புகையும் ஈரமும் படாத இடத்தில், ஸ்பீக்கருக்குத் தூரமாக, நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் பெட்டியில் போட்டு ஓட்ட வேண்டாம், நாடா அறுந்துவிடும். நல்ல நிலையில் இருப்பதை, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் மூலம் கணினியில் இணைத்து, ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிந்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபடும். பதிந்ததும் யாருடைய குரல், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். வீட்டு விஷயம் பேசிய கசெட்டுகளை வீட்டார் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மடக்கொம்பரை, யொக்ஸ்போர்ட், ஒலிரூட், கிரேட் வெஸ்டர்ன், பூண்டுலோயாப் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? முதல் டீவி எந்த லயத்துக்கு வந்தது? டெக் போட்ட இரவில் என்ன படம்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. எங்கள் ஊரின் தொண்ணூறுகளை எங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அல்லாஹ் அனைவருக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக.