ஏக்கத்தின் அடியில் ஒரு கொலை: அமெரிக்க ஸ்லாஷர் படங்களும் கடந்தகாலமும்

2021 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் ‘ஃபியர் ஸ்ட்ரீட்’ வரிசையின் மூன்று படங்களை வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டது. முதல் படம் 1994இலும், அடுத்தது 1978இலும், கடைசிப் படத்தின் முன்பகுதி 1666இலும் நடக்கின்றன. அவற்றைப் பார்த்த பதின்பருவத்தினர் எவரும் 1994இல் பிறந்திருக்கவே இல்லை. வாழ்ந்திராத காலத்தின் மீது ஏக்கம் எப்படி வரும்? நடுவயதினரின் இளமை நினைவுகளைப் படநிறுவனங்கள் காசாக்குகின்றன என்பது வழக்கமான விடை. அது வணிகத்தை விளக்கும். இந்த இளம் பார்வையாளரை விளக்காது. ஸ்லாஷர், அதாவது ஒரு கொலையாளி இளைஞர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் திகில் படவகை, தொடக்கம் முதலே திரும்பிப் பார்த்த வகைமை. பழைய காலத்தை அழகாகக் காட்டும்போதே அக்காலம் தீர்க்காமல் விட்ட கணக்கையும் எடுத்து வைப்பதில்தான் அதன் ஈர்ப்பு இருக்கிறது என்பது என் வாதம்.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) இன்று எழுபதுகளின் அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்தப் படமே தொடங்குவது 1963 அக்டோபர் 31 இரவில். ஆறு வயதுச் சிறுவன் முகமூடியின் கண்துளைகள் வழியே பார்த்தபடி மாடியேறி, தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். கென்னடி சுடப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முந்தைய தேதி அது. ‘ஹாலோவீன்’ வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ (1973), 1962ஆம் ஆண்டைக் கார்களும் ராக் இசையுமாக, கள்ளமில்லாத கடைசிக் கோடையாக நினைவுகூர்ந்திருந்தது. ஏறக்குறைய அதே காலத்தைத்தான் கார்பென்டர் ஒரு கொலையோடு திறந்தார்.

அந்தப் படத்தின் இலையுதிர்காலம் உருவாக்கப்பட்ட விதம் இன்னும் முக்கியமானது. இல்லினாய் மாநிலச் சிற்றூராகக் காட்டப்படும் ஹாடன்ஃபீல்ட், பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் சவுத் பாசடீனாவில் எடுக்கப்பட்டது, அதுவும் வசந்தத்தில். வண்ணம் பூசிய இலைகளைத் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கியெடுத்து அடுத்த காட்சிக்கு மீண்டும் தூவினார்கள். கூர்ந்து பார்த்தால் பின்னணியில் பனைவகை மரங்கள்கூடத் தெரியும். ரசிகர்கள் ஏங்கும் அந்த அக்டோபர் எந்த ஊரிலும் இருந்ததில்லை. 1960இல் பிறந்தவரும் 2005இல் பிறந்தவரும் அதிலிருந்து ஒரே தொலைவில்தான் நிற்கிறார்கள். ஆகவே இளையவர்களின் ஏக்கத்தைப் போலி என்று ஒதுக்குவதற்கு நியாயமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். பண்பாட்டு விமர்சகர் பிரெட்ரிக் ஜேம்சன், ஏக்கப் படங்கள் வரலாற்றை உடை, நிறம், பாடல் என்ற மேற்பரப்பாகச் சுருக்கிவிடுகின்றன என்று குற்றம்சாட்டினார். பல படங்களுக்கு அது பொருந்தும். ஆனால் ‘ஹாலோவீன்’ படத்தில் கதாநாயகி லாரி உயிருக்குத் தப்பி ஓடும் காட்சியைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. உள்ளிருந்து யாரோ சன்னல் மறைப்பை விலக்கிப் பார்க்கிறார்கள். பிறகு விளக்கு அணைந்துவிடுகிறது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்த, கதவைப் பூட்டத் தேவையில்லாத ஊர் என்று எந்த அமெரிக்கச் சிற்றூரை நினைத்து உருகுகிறார்களோ, அந்த ஊரின் மீது இப்படம் அந்த ஒரே காட்சியில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மேற்பரப்பு மட்டுமே உள்ள படத்துக்கு இது கைகூடாது.

பிறகு வந்தவை இதையே வெவ்வேறு விதமாகச் சொல்லின. ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ (1980) 1958ஆம் ஆண்டின் கோடை முகாமில் தொடங்குகிறது. முந்தைய ஆண்டு, கண்காணிக்க வேண்டியவர்கள் கவனிக்காத நேரத்தில் ஒரு சிறுவன் ஏரியில் மூழ்கியிருக்கிறான். அந்த முகாமில் சமையல் செய்த அவனுடைய தாய்தான் கொலையாளி. வெஸ் கிரேவனின் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தில், பெற்றோர் கூடி ஒருவனை எரித்துக் கொன்றதைப் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள். அவனுடைய கத்திவிரல் கையுறையை கதாநாயகி நான்சியின் தாய் நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டிலும் விலை கொடுப்பவர்கள் குற்றம் நடந்தபோது அதில் பங்கில்லாத இளைஞர்கள். திரைப்பட ஆய்வாளர் வேரா டிக்கா ‘கேம்ஸ் ஆஃப் டெரர்’ (1990) நூலில், இப்படங்களின் கதை கடந்தகால நிகழ்வு, நிகழ்கால நிகழ்வு என இரண்டாகப் பிரிந்து அமைவதைக் காட்டினார். அந்த இரண்டுக்கும் நடுவே தலைமுறைகளுக்கு இடையிலான ஒரு கடன் இருக்கிறது என்பதை நான் அதனோடு சேர்ப்பேன். முன்னோர் வைத்துவிட்டுப் போன கடனைச் சுமக்கும் உணர்வு இன்றைய பதின்பருவத்தினருக்குப் புதிதல்ல. 1978 அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாமல் போவதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

‘ஃபியர் ஸ்ட்ரீட்’ இந்தக் கடனைக் கடைசிவரை துருவுகிறது. நியான் விளக்குகள் மின்னும் வணிக வளாகத்தில் முதல் கொலை. அடுத்தது கோடை முகாம். மூன்றாவது, குடியேறிகளின் சிற்றூர். ஷேடிசைட் ஊரின் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாவதற்குக் காரணம் சேரா ஃபியர் என்ற சூனியக்காரியின் சாபம் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் அவள் தூக்கிலிடப்பட்ட நிரபராதி. தன் செழிப்புக்காகச் சாத்தானோடு உடன்படிக்கை செய்தது கூட் குடும்பம். அதன் இன்றைய வாரிசு ஊரின் ஷெரிஃப். இதைக் கண்டறிபவள் டீனா. அவளும் சாமும் காதலர்கள், இருவரும் பெண்கள். எண்பதுகளின் ஸ்லாஷர் இத்தகைய காதலுக்கு மையத்தில் இடம் தந்ததில்லை. பழைய வடிவத்தின் மீதான அன்பும், அது யாரை வெளியே நிறுத்தியது என்ற நினைவும் இங்கே ஒன்றாக இயங்குகின்றன.

ஏக்கமே கொலைக்குக் காரணமாகும் படமும் உண்டு. 2022இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தின் கொலையாளிகள், தமக்குப் பிடித்த திகில் வரிசை கெட்டுவிட்டதென்று கொதிக்கும் ரசிகர்கள். அதைப் பழையபடி மீட்க உண்மையான பிணங்கள் வேண்டுமென்று நினைக்கிறார்கள். இழந்ததை அப்படியே திரும்பக் கட்டத் துடிக்கும் ஏக்கத்தையும், இழப்பை நின்று சிந்திக்கும் ஏக்கத்தையும் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வேறுபடுத்திக் காட்டினார். முதல் வகையின் ஆபத்தை இந்தப் படம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய திகில் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இவ்வகைப் படங்களை ஆராய்வோர் உடைகளையும் பாடல்களையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் பெரியவர்கள் எதை மறைத்தார்கள், அதற்காக யார் செத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்க வேண்டும்.