மாவுக்கட்டா, ஆபரேஷனா? தன் பாதத்தையே முறித்துக்கொண்ட ஒரு டாக்டரின் கதை



நம் வீடுகளில் யாருக்காவது காலில் எலும்பு முறிந்துவிட்டால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "மாவுக்கட்டு போட்டாலே கூடிவிடும், எதற்குக் கத்தி?" என்பது ஒரு கட்சி. "ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ வைத்துவிட்டால் சீக்கிரம் நடக்கலாம்" என்பது மறு கட்சி. மருத்துவ உலகிலும் இந்த வழக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மாவுக்கட்டு. 1851-ல் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் அந்தோனியஸ் மத்தேய்சன் என்ற ராணுவ மருத்துவர் ஒரு எளிய வழி கண்டார். துணிப்பட்டையில் பாரிஸ் சாந்துப் பொடியைத் தேய்த்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தண்ணீரில் நனைத்துச் சுற்றினார். சில நிமிடங்களில் கட்டு இறுகிவிட்டது. அதற்கு முன் கஞ்சி தோய்த்த துணியால் கட்டுவார்கள். அது காய்வதற்குள் எலும்பு அசைந்துவிடும். கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் காயமுற்ற வீரர்களுக்குச் சாந்துக் கட்டுப் போட்டார். அதன்பின் அது உலகமெங்கும் பரவியது.

அந்தக் காலத்தில் எலும்பைத் திறந்து ஆபரேஷன் செய்வது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். தோல் கிழிந்தால் சீழ் பிடிக்கும். காலையே எடுக்க வேண்டி வரும். இந்த நிலையை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1865-ல் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை, கால் பிழைத்தது. 1877-ல் லண்டனில், முறிந்த முழங்கால் சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் இணைத்தார். கிழியாத தோலைக் கிழிக்கலாமா என்று சக மருத்துவர்களே அவரைக் கண்டித்தார்கள். அதாவது, நம் வீட்டின் இரண்டு கட்சிகளும் அப்போதே பிறந்துவிட்டன!

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் முறிவைத் தோலைக் கிழிக்காமலே பார்க்க முடிந்தது. இனி நம் கதாநாயகர் வருகிறார்.

லிவர்பூல் நகரின் ராபர்ட் ஜோன்ஸ். அவருடைய குரு ஹியூ ஓவன் தாமஸ், பரம்பரையாக எலும்பு கட்டும் வைத்தியக் குடும்பத்திலிருந்து வந்து டாக்டருக்குப் படித்தவர். எலும்பு கூட வேண்டுமானால் இடையறாத ஓய்வு வேண்டும் என்பது குருவின் பாடம். ஒருநாள் ஜோன்ஸ் நடனமாடிக்கொண்டிருந்தபோது, குதிகால் தரையில் படாத நிலையில் பாதத்தின் வெளிப்பக்கமாக மிதித்துவிட்டார். உள்ளே ஏதோ விட்டுப்போனது. தசைநார் அறுந்ததோ என்று நினைத்தார். தடவிப் பார்த்தும் முறிவு தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளி ஓரமாக ஓடும் ஐந்தாம் மெட்டாடார்சல் எலும்பு, அதன் அடியிலிருந்து முக்கால் அங்குலத் தொலைவில் முறிந்திருந்தது. தன் பாதத்தையும், அதேபோல் முறிந்த வேறு சிலரின் பாதங்களையும் சேர்த்து 1902-ல் கட்டுரையாக எழுதினார். இன்றும் அதற்கு 'ஜோன்ஸ் முறிவு' என்றே பெயர்.

பின்னால் வந்த மருத்துவர்கள் ஒரு புதிரைக் கண்டார்கள். அதே எலும்பின் அடிநுனியில் ஒரு துண்டு பெயர்ந்தால், கட்டியான அடிப்பாகம் கொண்ட செருப்போ பூட்ஸோ போட்டாலே பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடுகிறது. சற்றுத் தள்ளி, ஜோன்ஸ் சொன்ன இடத்தில் முறிந்தால் கட்டுப் போட்டும் பல நேரம் கூடுவதில்லை. காரணம் ரத்த ஓட்டம். எலும்புக்கு இரு பக்கமிருந்து வரும் ரத்தக் குழாய்கள் சந்திக்கும் அந்த இடம், இரண்டு வாய்க்காலுக்கும் கடைமடை. தண்ணீர் குறைவாகவே வந்து சேரும்.

அமெரிக்க ராணுவத்தில் பணியிலிருந்தவர்களிடம் நடந்த ஒரு ஒப்பீடு 2005-ல் வெளியானது. ஜோன்ஸ் முறிவு ஏற்பட்ட 37 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட 18 பேரில் 8 பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. ஸ்க்ரூ வைத்த 19 பேரில் பலிக்காதது ஒருவருக்குத்தான். விளையாட்டுக்குத் திரும்ப ஸ்க்ரூ வைத்தவர்களுக்குச் சுமார் 8 வாரமும், கட்டுப் போட்டவர்களுக்குச் சுமார் 15 வாரமும் ஆனது.

அப்படியானால் ஆபரேஷன் கட்சி ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். சோதனையில் இருந்தவர்கள் தினமும் ஓடியாடும் படையினர், எண்ணிக்கையும் சிறியது. கட்டுப் போட்டவர்களிலும் 10 பேர் கத்தியில்லாமலே குணமானார்கள். வீட்டோடு இருக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கு இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருப்பது பெரிய நஷ்டமில்லை. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு எலும்பு கூடுவதும் தாமதம், ஆபரேஷன் புண் ஆறுவதும் தாமதம். ஸ்க்ரூ உறுத்தலாம், கிருமி தொற்றலாம், மறுபடி முறியவும் செய்யலாம்.

ஆகவே, "மாவுக்கட்டு நல்லதா, ஆபரேஷன் நல்லதா?" என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். எந்த எலும்பு, அதில் எந்த இடம், யாருடைய கால் என்பது மீதிப் பாதி. ஒரு விரற்கடை தள்ளி முறிந்தால் விடையே மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டிலேயே சரியானது உங்களுக்குச் சாட்சியாகாது.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். கால் பிசகி, பாதத்தின் வெளி ஓரம் வீங்கி, ஊன்ற முடியாமல் வலித்தால் "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்த்து நடக்காதீர்கள். எலும்பு மருத்துவத்தில் பேரெடுத்த ஜோன்ஸுக்கே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுங்கள். அடுத்து, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்: முறிந்த இடம் எது? அங்கே ரத்த ஓட்டம் எப்படி? என் வயதுக்கும் வேலைக்கும் எது பொருந்தும்? காலை எத்தனை நாள் ஊன்றக் கூடாது?

வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டவர்கள் டாக்டரிடமாவது கேளுங்கள். உங்கள் பெற்றோருக்கு ஒன்றென்றால் அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

அனைவரும் நலமாக இருங்கள்.