எது நாட்டின் ரகசியம்?

2019 மார்ச் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் ரஃபேல் வழக்கின் சீராய்வு மனுக்கள் விசாரணைக்கு வந்தபோது, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால் கடுமையான வாதம் ஒன்றை முன்வைத்தார். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் வெளியிட்ட ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை; அவற்றை அச்சிட்டது அலுவல் ரகசியச் சட்டப்படி குற்றம்; நீதிமன்றம் அவற்றைக் கண்கொண்டும் பார்க்கலாகாது என்றார். இரண்டு நாள் கழித்து, கோப்பு திருட்டுப் போகவில்லை, நகல் எடுக்கப்பட்டதைத்தான் சொன்னேன் என்று விளக்கம் தந்தார். அந்தத் தாள்களில் இருந்தது என்ன? 36 ரஃபேல் போர் விமானங்களை ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய்க்கு வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், 2015 நவம்பர் 24ஆம் நாளிட்டு அமைச்சகத்தில் எழுதப்பட்ட குறிப்பு அவற்றுள் முக்கியமானது. பிரதமர் அலுவலகம் பிரான்சுடன் தனியே பேசுவது நம் பேச்சுக் குழுவின் கையைத் தளர்த்துகிறது என்று அதிகாரிகள் அதில் முறையிட்டிருந்தார்கள். பாதுகாப்புத் துறைச் செயலரும் தம் கைப்பட ஒப்புதல் எழுதியிருந்தார். விமானம் எவ்வளவு தூரம் பறக்கும், என்ன ஏவுகணை சுமக்கும் என்பது அந்தக் குறிப்பின் பொருளே அன்று. யார் பேரம் பேசினார்கள் என்பதே அதன் பொருள்.

அதே குறிப்பில், அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் எழுதிய பதிலை நாளிதழ் முதலில் வெளியிடவில்லை. அது குறைதான். ஆனால் அந்தக் குறையைச் சுட்டி, பாரிக்கரின் பதிலை மக்களவையில் எடுத்துச் சொன்னவர் 2019இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன். பிப்ரவரியில் அமைச்சரே அவையில் விவாதித்த தாள், மார்ச்சில் நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் ரகசியமாக மாறியது எப்படி? என் கருத்து இதுதான்: நாட்டின் ரகசியம் வேறு, அரசை நடத்துவோரின் சங்கடம் வேறு. நம் சட்டம் இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு ரகசியத் தகவலைத் தருபவரையும் பெறுபவரையும் தண்டிக்கிறது. ரகசியம் என்றால் என்னவென்று மட்டும் வரையறுக்கவில்லை.

செட்டிநாட்டாருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது முதலாளியின் பணத்தை வட்டிக்கு விடப் போன ஏஜெண்டு, சம்பளச் சீட்டு என்னும் வேலை ஒப்பந்தத்தை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார். யாருக்கு எவ்வளவு கடன், எந்த வட்டி என்பதை அடுத்த கடைக்காரரிடம் அவர் மூச்சுவிட மாட்டார். ஊரில் இருக்கும் முதலாளிக்கு ஐந்தொகைக் கணக்கு அனுப்பும்போது மட்டும், போட்டியாளர் பார்த்துவிடுவார் என்று எதையும் மறைக்க அவருக்கு உரிமையில்லை. குடியரசில் முதலாளி யார் என்பதை மறந்தால்தான் பத்திரிகைக்காரர் திருடராகத் தெரிவார்.

2019 ஏப்ரல் 10இல் ரஞ்சன் கோகோய், சஞ்சய் கிஷன் கவுல், கே.எம். ஜோசப் அடங்கிய அமர்வு அரசின் ஆட்சேபத்தை ஒருமனதாகத் தள்ளியது. பின்னர் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆவணங்கள் முன்னிருந்தும், நவம்பர் 14இல் சீராய்வு மனுக்கள் தள்ளுபடியாயின, அரசே வென்றது. 2020 ஜூலை 29இல் முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கின. ஆவணங்கள் வெளிவந்ததால் பாதுகாப்பு குலையவில்லை. போஃபர்ஸ் பீரங்கிப் பேரமும் அப்படித்தான். பத்திரிகையாளர்கள் சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் 1988 முதல் அந்தப் பேரத்தின் தரகுப் பண ஆவணங்களை வெளியிட்டார்கள். 1999இல் கார்கில் மலைகளில் அதே பீரங்கிகள் குறைவின்றி முழங்கின.

மும்பைத் தாக்குதலை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2008 நவம்பரில் தொலைக்காட்சி நேரலையைப் பார்த்துக்கொண்டே எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் கொலையாளிகளை இயக்கினார்கள். 2012இல், அந்தக் கொலையாளிகளில் ஒருவரான கசாபின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பை வன்மையாகக் கண்டித்தது. அங்கே கட்டுப்பாடு வேண்டும். நடவடிக்கை முடியும்வரை வேண்டும். முடிந்துபோன ஒப்பந்தத்தின் பேரத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பத்திரிகைகளே அப்பாவிகளைப் பழிக்கவில்லையா என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் உளவாளி என்று கைதானபோது, காவல்துறை கிசுகிசுத்ததையெல்லாம் பல ஏடுகள் அச்சிட்டன. 1996இல் சி.பி.ஐ. அந்தக் குற்றச்சாட்டைப் பொய் என்றது; 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பத்திரிகைகள் அங்கே வெட்கப்பட்டே ஆகவேண்டும். ஆனால் அவற்றின் கையில் ஆவணம் இல்லை, வதந்தி இருந்தது. அந்த வதந்திக்குக் காவலாக நின்றதும் இதே ரகசியச் சட்டம்தான்.

எது ரகசியம், எது சங்கடம் என்று தீர்ப்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது. 1950இல் சென்னை அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. பொது அமைதி என்று சொன்னால் போதாது, அரசின் பாதுகாப்புக்கே ஆபத்து இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பெழுதித் தடையை உடைத்தார். அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி, பொது ஒழுங்கையும் ஒரு காரணமாக நுழைத்தார்கள். 2023 ஏப்ரலில் மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கிலும், மூடிய உறையில் எதையோ நீட்டிப் பாதுகாப்பு என்று சொல்வதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இப்படி ஒவ்வொரு முறையும் வழக்காடித்தான் வெல்லவேண்டும் என்றால், ‘ஊழியன்’, ‘குமரன்’ இதழ்கள் வெளிவந்த காரைக்குடி போன்ற ஊரில் சிற்றேடு நடத்துபவர் டெல்லிவரை போவாரா? இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இலேயே அலுவல் ரகசியச் சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது. நீக்க மனமில்லை என்றால் ஐந்தாம் பிரிவையாவது திருத்தலாம்: வெளியீட்டால் நாட்டுக்கு நேர்ந்த கேட்டை அரசு மெய்ப்பிக்க வேண்டும், பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று சொல்லும் உரிமை பத்திரிகையாளருக்கு வேண்டும்.