திருப்பூரில் தொடங்கிய எழுத்துப் பயணம்

பனியன் தொழிலால் உலகறிந்த நம் திருப்பூருக்குத் தமிழக அரசியல் வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணாதுரை, பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தது, 1930களின் நடுவில் இங்கு நடைபெற்ற செங்குந்தர் இளைஞர் மாநாட்டில்தான்.

அச்சந்திப்பு அவரைப் பத்திரிகைப் பணிக்கு இட்டுச் சென்றது. ‘விடுதலை’, ‘குடிஅரசு’ ஏடுகளில் பணியாற்றிய அவர், 1942இல் காஞ்சியில் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். செல்வர் துணையின்றி 1949இல் தோன்றிய தி.மு.க.வுக்கு அவ்வேடே ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டித் தந்தது. எழுத்துக்கு விலையும் கொடுத்தார். தாம் எழுதிய நூலொன்றுக்காக 1950இல் விதிக்கப்பட்ட 700 ரூபாய் அபராதத்தைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தார்.

1962இல் மாநிலங்களவை உறுப்பினரான அண்ணா, 1967இல் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் தலைமையிலான முஸ்லிம் லீக் உள்ளிட்ட கட்சிகளின் கூட்டணியுடன் வென்று முதலமைச்சரானார். 1969 ஜனவரி 14இல் சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்றது. இருபதே நாள்களில், பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளையை நாடாள வைத்தது கல்வியும் எழுத்தும். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திப் பனியன் கம்பெனிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், இதனைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.