இரண்டு கிலோபைட்டில் ஒரு நெடுஞ்சாலை

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்துச் செய்கிற சமாச்சாரம் என்று நம் மாணவர்கள் பலரும் நினைக்கிறார்கள். "நம்மால எங்க முடியும்?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தச் சின்ன வரலாறு.

கார் ஓட்டும் வீடியோ விளையாட்டுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1974-இல் அட்டாரி கம்பெனியின் 'கிரான் டிராக் 10' வந்தது. 1976-இல் 'நைட் டிரைவர்'. அதில் இருட்டில் சாலையோரக் கம்பங்கள் மட்டும்தான் தெரியும், சாலையை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும்! பிறகு 1982-இல் நாம்கோவின் 'போல் பொசிஷன்', 1986-இல் சேகாவின் 'அவுட் ரன்'. எல்லாமே காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகள்.

அந்தக் காலத்தில் செய்தவர் பெயர் வெளியே தெரிவது அபூர்வம். அட்டாரிக்காக 'அட்வென்ச்சர்' (1980) விளையாட்டைத் தனி ஆளாக எழுதிய வாரன் ராபினெட், கம்பெனி பெயர் போடாத காரணத்தால், விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை ஒளித்து வைத்தார்.

பிற்பாடு வந்ததுதான் 'கேம் ஜாம்'. கல்ச்சுரல்ஸுக்கு ஒரே ராத்திரியில் நாடகம் தயார் செய்வோமே, கிட்டத்தட்ட அது மாதிரி! தலைப்பு கொடுப்பார்கள், கெடுவுக்குள் விளையாட்டை முடித்தாக வேண்டும். 2002-இல் 'லுடும் டேர்' தொடங்கியது. 2010-இல் வந்த 'ஜேஎஸ்1கே' போட்டியில் கட்டுப்பாடு அளவில்: நிரல் முழுக்க ஒரே ஒரு கிலோபைட்!

அந்தப் போட்டி தொடராது என்று தெரிந்ததும், ஃப்ராங்க் ஃபோர்ஸ் என்பவரும் நண்பர்களும் '2கேபிளஸ்' ஜாமை நடத்தினார்கள். ஜிப் கோப்பு 2 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு 1.44 எம்பி ஃபிளாப்பியில் இப்படி எழுநூறுக்கு மேல் வைக்கலாம். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைச் சுருக்காமல் ஏற்றினால், அதுகூட 2 கிலோபைட்டுக்குள் அடங்காது!

அந்த அளவுக்குள் 2020-இல் அவர் தனியாகச் செய்தது 'ஹியூ ஜம்ப்பர்'. மேடு பள்ளம், மலை, மரம், பாறை எல்லாம் உண்டு. எப்படிச் சாத்தியம்? படம் எதையும் சேமிக்கவில்லை, எல்லாம் கணக்கு. சாலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, தூரத்தால் வகுத்தால் தொலைவில் இருப்பது சிறுத்துத் தெரியும். நாம் படித்த வடிவொத்த முக்கோணம்தான் இது! வளைவையும் மேட்டையும் ரேண்டம் எண்கள் தீர்மானிக்கும். ஜாமின் தலைப்பு 'ஷிஃப்ட்', அதாவது மாற்றம். செக்பாயின்ட்டைத் தாண்டியதும் எல்லா நிறத்தோடும் ஓர் எண்ணைக் கூட்டிவிடுகிறார். உலகமே வேறு வண்ணத்துக்கு மாறிவிடுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், நிரல் முழுவதையும் விளக்கத்தோடு எல்லோரும் படிக்க வெளியிட்டார். ஒருவர் தன் பெயரையே ஒளித்து வைக்க வேண்டியிருந்த தொழிலில், இன்னொருவர் தன் வித்தையையே திறந்து வைத்திருக்கிறார். எந்த ஊர் மாணவரும் சாதாரணக் கம்ப்யூட்டரில் அதைப் பிரித்துப் பார்த்துப் படிக்கலாம்.

தம்பி தங்கைகளே, பெரிய மெஷின் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூத்தவர்களே, அடுத்த சந்திப்புக்கு முன் நம் லேபில் இரண்டு நாள் ஜாம் ஒன்று நடத்துவோமா? பரிசு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. செய்தவர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்!